கேட்காதவளின் சாட்சி

அந்தத் திங்கட்கிழமை காலை உமைமா பன்னிரண்டு தாள்களைக் கண்ணாடி உருண்டையால் தேய்த்து மெருகு போட்டு முடித்திருந்தாள். பதின்மூன்றாவதைப் பலகையில் விரித்துத் தடவியபோது ஒரு மூலையில் கஞ்சி கட்டியாகக் காய்ந்திருப்பது விரலில் தட்டியது. அதைச் சுரண்டித் துடைக்க ஏதாவது கிழிசல் வேண்டும். பக்கத்தில் பரகாத்தின் கூடை இருந்தது. இறந்துபோன தம்பியின் மகன் பரகாத். பெரிய பள்ளிவாசலின் வாசலில் புத்தகக் கடைக்காரர்களுக்கு நடுவே உட்கார்ந்து புத்தகம் கட்டித் தருபவன். செல்லாத பழைய புத்தகங்களை மொத்தமாக வாங்கிப் பிரித்து, அந்தத் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிப் புதுப் புத்தகங்களுக்கு அட்டை செய்வான். கூடை அப்படிப்பட்ட தாள்களால் நிரம்பியிருந்தது.

அவள் கைக்கு வந்ததை எடுத்தாள். கசக்கப் போகும் நேரத்தில் அதில் தன் தகப்பனாரின் பெயரைப் பார்த்தாள்.

உமைமாவுக்கு வேகமாகப் படிக்க வராது. எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். அதனால் அந்தத் தாளில் இருந்தது அவளுக்குள் ஒரேயடியாக வந்து விழவில்லை. சொட்டுச் சொட்டாக இறங்கியது.

'கம்பளி மிதிக்கும் ரய்யானாகிய நான் எழுதியது. என் மகள் உமைமா ஹிஜ்ரி அறுநூற்று முப்பத்தைந்தாம் ஆண்டு ஸஃபர் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை இறைவனிடம் சேர்ந்தாள். வயது நான்கும் ஒரு மாதமும். அம்மை கண்டிருந்தது. மலையடியில் அடக்கினோம்.'

அதற்குக் கீழே வேறு மையில், கொஞ்சம் சாய்ந்த எழுத்தில் இன்னும் சில வரிகள்.

'அறுநூற்று முப்பத்தாறாம் ஆண்டு ஷவ்வால் மாதம் எனக்கு ஒரு மகள் பிறந்தாள். போனவளுக்குப் பதிலாக இவளுக்கும் உமைமா என்றே பெயரிட்டேன். இறைவன் இவளையாவது விட்டுவைக்கட்டும்.'

ரய்யானிடம் ஒரே ஒரு புத்தகம்தான் இருந்தது. வீட்டில் பிறப்பையும் இறப்பையும் எல்லோரும் செய்வதுபோல அதன் முதல் தாளில்தான் அவர் எழுதிவைத்திருக்க வேண்டும். அவர் இறந்த ஆண்டு உம்மா அதை விற்றுவிட்டாள். உமைமாவுக்கு அப்போது ஒன்பது வயது. அந்தப் புத்தகம் எத்தனை கை மாறியதோ, எழுபது ஆண்டு கழித்துத் தன் தம்பி மகனின் கூடைக்கே வந்து சேர்ந்திருக்கிறது.

அவள் மறுபடியும் ஆண்டுகளைப் படித்தாள். முப்பத்தைந்தில் ஒருத்தி போனாள். முப்பத்தாறில் ஒருத்தி வந்தாள். கையிலிருந்த கண்ணாடி உருண்டை பலகையில் உருண்டு தரையில் விழுந்து அறைக்கோடிக்கு ஓடியது. அதை எடுக்க அவள் எழுந்திருக்கவில்லை.

எட்டு ஆண்டுகளுக்கு முன்பு, நபிமொழி கற்பிக்கும் ஷைகு ஷாகிர் மூன்று பேரோடு இந்த ஸாலிஹிய்யா மேட்டில் ஏறி, வீடு வீடாக, "கம்பளிக்கார ரய்யானின் மகள் உமைமா உயிரோடு இருக்கிறாரா?" என்று விசாரித்துக்கொண்டு வந்தார். அவர் கையில் பழைய ஏடு ஒன்று இருந்தது. பத்தே தாள். நபிமொழிகள் அடங்கியது. அதன் கடைசிப் பக்கத்தில், அறுநூற்று முப்பத்து நான்காம் ஆண்டு ரஜப் மாதத்தில் தொண்ணூறு வயதுப் பெரியவர் ஒருவர் முன்னால் அந்த ஏடு வாசிக்கப்பட்டபோது உடனிருந்து கேட்டவர்களின் பட்டியல் இருந்தது. யார் முழுவதும் கேட்டார், யார் தாமதமாக வந்தார், யார் தூங்கி வழிந்தார் என்பது வரைக்கும் எழுதியிருந்தார்கள். பட்டியலின் கடைசியில்: 'கம்பளிக்கார ரய்யானும், அவர் மடியில் நான்காம் வயதிலிருக்கும் அவர் மகள் உமைமாவும்.'

எழுதிவைத்தால் மட்டும் ஒரு ஏடு செல்லுபடியாகிவிடாது. கேட்டவரின் வாயிலிருந்து அடுத்தவர் கேட்க வேண்டும், அவரிடமிருந்து இன்னொருவர். நபிக்கும் கேட்பவருக்கும் நடுவில் ஆட்கள் குறையக் குறைய மதிப்பு கூடும். பால்குடிக் குழந்தைகளைக்கூடத் தூக்கிக்கொண்டு வாசிப்புக்கு ஓடிவருவது அதற்காகத்தான். அந்தப் பட்டியலில் இருந்த மற்ற எல்லோரும் இறந்துவிட்டிருந்தார்கள். மீதி இருந்தது மடியில் உட்கார்ந்திருந்த குழந்தை மட்டும்.

உமைமா அப்போது கணவனை இழந்து இருபது ஆண்டு ஆகியிருந்தது. பிள்ளை இல்லை. தாளுக்குக் கஞ்சி தடவி மெருகு போட்டுக்கொண்டிருந்தாள். தன் வயது என்ன என்று அவளிடம் யாரும் கேட்டதில்லை, அவளும் எண்ணியதில்லை. "ரய்யான் மகள் உமைமா நான்தான்" என்றாள். அது உண்மை. ஷைகு ஷாகிர் அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதுவிட்டார்.

அன்று முதல் திங்களும் வியாழனும் முற்றத்தில் வாசிப்பு நடந்தது. அவள் திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பாள். ஒருவர் உரக்க வாசிப்பார். முடிந்ததும் அவள், "ஆம், எனக்கு இப்படித்தான் கேட்கக் கிடைத்தது" என்று சொல்ல வேண்டும். எழுத்தர் வந்தவர்களின் பெயரை எழுதிக்கொள்வார். அலெப்போவிலிருந்து வந்தார்கள், கெய்ரோவிலிருந்து வந்தார்கள். அந்த ஏட்டின் படிகள் பரகாத்தின் கடையில் நின்ற இடத்தில் விற்றன. வந்தவர்கள் அவளிடம், "அந்த நாள் ஏதாவது நினைவிருக்கிறதா?" என்று கேட்பார்கள். நினைவிருந்தது. சத்தம் போடாமல் இருக்க வாப்பா வாயில் சர்க்கரைப் பாதாம் ஒன்றைப் போட்டது, அதைச் சப்பியபடியே தூங்கிப்போனது. அவள் சொல்லச் சொல்ல அவர்கள் கண் கலங்குவார்கள்.

இப்போது தாளை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் பாதாமை யோசித்தாள். அதன் ருசி நாக்கில் இருந்தது. ஆனால் அதைச் சொன்னது உம்மா. அடுப்பில் ரொட்டி சுட்டபடி, முகத்தை இந்தப் பக்கம் திருப்பாமலே, "உமைமாவை வாப்பா வாசிப்புக்குத் தூக்கிட்டுப் போனாரு. வாயில பாதாமோட தூங்கிட்டா" என்று சொன்னாள். சிறுமி உமைமா அது தன்னைப் பற்றி என்றே எடுத்துக்கொண்டாள். உம்மா யாரை நினைத்துச் சொன்னாள்?

பகலுணவுக்கு வந்த பரகாத் வாசலிலேயே நின்றான். "என்ன அத்தை, கஞ்சி காயுது, நீங்க பாட்டுக்கு உக்காந்திருக்கீங்க? ஷைகுக்கு உடம்பு சரியில்லாம இன்னிக்கு வாசிப்பு இல்லேங்கிறதுக்காக வேலைக்கும் விடுமுறையா?"

"இதப் படி."

அவன் நின்றபடி படித்தான். இன்னொரு தடவை படித்தான். பிறகு உட்கார்ந்தான்.

"எங்கேர்ந்து வந்துச்சு?"

"உன் கூடையிலேர்ந்து. அவ நான் இல்லடா பரகாத்."

"எவ?"

"மடியில உக்காந்து கேட்டவ. அவ செத்துட்டா. அப்ப நான் பொறக்கவே இல்ல."

பரகாத் தாளை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தான். "தாத்தா வருஷத்தை மாத்தி எழுதியிருப்பாரு. கம்பளி மிதிக்கிறவருக்கு வருஷம் எங்க ஞாபகம் இருக்கும்?"

"செத்த பிள்ளையோட வருஷத்தையா மாத்தி எழுதுவாரு?"

பரகாத் தாளைக் கீழே வைத்தான். எழுந்து போய்ப் பானைத் தண்ணீரை மொண்டு குடித்தான். "எண்ணூறு பேருக்கு மேல கேட்டிருக்கான், அத்தை. ஒருத்தன் மக்காவுல இருக்கான், ஒருத்தன் கெய்ரோவுல இருக்கான். அவங்க கிட்டேர்ந்து எத்தனை பேர் கேட்டானோ. பாதிப் பேரு கபுருக்கே போயாச்சு. அங்க போயித் தட்டிச் சொல்லுவீங்களா?"

"அவங்களுக்குச் சொல்ல முடியாது. இருக்கிறவங்களுக்குச் சொல்லலாமே."

"என் பிள்ளை பேரும் அதுல இருக்கு."

"இருக்கு. நாப்பதாம் நாள் தூக்கிட்டு வந்தே. நர்ஜிஸ் மடியில பால் குடிச்சிட்டே தூங்கிச்சு."

"அப்போ அவன் எதைக் கேட்டான்?"

"என்னத்தக் கேட்டான், நான் கேட்காததைத்தான் அவனும் கேட்டான்" என்றாள் உமைமா. சொன்ன பிறகுதான் அதன் பொருள் அவளுக்கே உறைத்தது. நபியின் சொல் ஒன்றைக் கேட்காமலே கேட்டேன் என்று சொன்னவள். ஒரு தடவை இல்லை, எட்டு ஆண்டாக, வாரத்துக்கு இரண்டு தடவை. நாளை இறைவன் முன்னால் நிறுத்தி, "நீ கேட்டாயா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும். அது மட்டுமல்ல. செத்துப்போன அந்தப் பிள்ளைக்கு இந்த உலகத்தில் மிச்சமிருந்தது ஒரு வரி. அதையும் தான் எடுத்துப் போர்த்திக்கொண்டு எட்டு ஆண்டு உட்கார்ந்திருந்திருக்கிறாள்.

"வியாழக்கிழமை எல்லாரும் வருவாங்க. அவங்க முன்னால சொல்லி என் பேரை அடிக்கச் சொல்லப் போறேன்" என்றாள்.

"சொல்லுங்க. ஆனா அதுவரைக்கும் வாயத் திறக்காதீங்க. ஷைகு ஷாகிர் காதுல நானே பதமா போட்டு வைக்கிறேன். வயசானவரு, ஒரேயடியா கேட்டா தாங்க மாட்டாரு."

அவள் நம்பினாள். தாளைப் படுக்கைக்கு அடியில் வைத்தாள்.

செவ்வாய்க்கிழமை குளியல்கூடத்துக்குப் போய்த் திரும்பியபோது படுக்கைக்கு அடியில் தாள் இல்லை. பரகாத்தின் மனைவி நர்ஜிஸ் முற்றத்தில் கத்தரிக்காய் வாட்டிக்கொண்டிருந்தாள்.

"நர்ஜிஸ், இங்க ஒரு தாள் வச்சிருந்தேனே?"

"அவருதான் எடுத்தாரு, அத்தை. அட்டைக்கு ஒண்ணு குறையுதுன்னாரு." அவளுக்கு விஷயம் எதுவும் தெரியாது. "ஏன், வேணுமா? கூடையில இன்னும் நெறைய கெடக்கே."

முற்றத்து மூலையில் கல்லுக்கு அடியில் ஒன்பது அட்டைகள் ஈரத்தோடு அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றிலும் ஏழெட்டுத் தாள்கள் கஞ்சியில் ஒட்டிக் கிடந்தன. எதன் வயிற்றுக்குள் ரய்யான் இருக்கிறார் என்று பார்த்தால் தெரியாது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. காய்ந்துவிட்டால் கத்தி போட்டாலும் பிரியாது.

எண்பதை நெருங்கிய அந்தக் கைகளால் அவள் கல்லைப் புரட்டினாள். அட்டைகளை முந்தானையில் வாரிக் கட்டிக்கொண்டு தெருவில் இறங்கினாள். யஸீத் கால்வாய் இருபது தப்படி தூரம். படியில் உட்கார்ந்து முதல் அட்டையைத் தண்ணீரில் அழுத்தினாள். கஞ்சி இளகி வெள்ளையாகக் கலங்கியது. ஓரத்தை நகத்தால் கிளப்பித் தாள் தாளாகப் பிரித்தாள். தண்ணீர் கறுத்தது. கரியில் காய்ச்சிய மை. ஈரம் பட்டால் நிற்காது என்பது தாள் வேலை செய்கிற யாருக்கும் தெரிந்ததுதான். அவளுக்கும் தெரியும். ஆனாலும் கஞ்சி மேலே மூடியிருப்பதால் உள்தாள்களில் மை தங்கியிருக்கும், முதல் வரியாவது தங்கியிருக்கும், பெயராவது இருக்கும் என்று நினைத்தாள். நினைத்தாளா, வேண்டிக்கொண்டாளா என்பதை அவளாலேயே சொல்ல முடியாது.

துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"ஷைகா அம்மா, என்ன செய்றீங்க? துணியா அது?"

"புத்தகம்டீ. புத்தகத்தைத் துவைக்கிறாங்க."

கழுதையை ஓட்டிக்கொண்டு வந்த தண்ணீர்க்காரன் நின்று எட்டிப்பார்த்தான். "ஆமா, ரொம்ப நாளா அழுக்காக் கெடந்துச்சு. ரெண்டு வெயில் பட்டா வெளுத்துரும்" என்றான். யாரோ சிரித்தார்கள். யாரோ அவனை அதட்டினார்கள்.

ஒன்பது அட்டைகளையும் பிரித்தாள். அறுபது எழுபது தாள்கள் படி முழுவதும் ஒட்டிக் கிடந்தன. எல்லாம் ஒரே சாம்பல் நிறம். சிலவற்றில் நிழல்போல ஏதோ கோடுகள். ஒவ்வொன்றாகக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தாள். எது வாப்பா, எது யாரோ என்று தெரியவில்லை. ஒன்று கையிலேயே இரண்டாகக் கிழிந்து கால்வாயில் விழுந்து போயிற்று. அவள் முழங்கால்வரை தண்ணீரில் இறங்கி அதைத் துரத்தினாள். நர்ஜிஸ் ஓடிவந்து இடுப்பைக் கட்டிப் பிடித்து இழுத்தபோதுதான் தான் வாய்விட்டு அழுதுகொண்டிருப்பது அவளுக்கே தெரிந்தது.

மாலையில் பரகாத் சத்தம் போடவில்லை. சுவரோரம் சாய்ந்து தலையைக் குனிந்துகொண்டான். "நான் பயந்துட்டேன், அத்தை" என்றான்.

"உனக்கு மட்டும்தான் பயமா?"

"தாள்தான் போயிருச்சே. இனிமே சொல்லி என்ன ஆவப்போவுது?"

"தாள் போச்சு. நான் படிச்சது போகலையே."

வியாழக்கிழமை முற்றம் நிறைந்துவிட்டது. நாற்பது பேர் இருக்கும். ஹிம்ஸ் ஊரிலிருந்து ஒரு கூட்டம் ஐந்து நாள் நடந்து வந்திருந்தது. பெண்கள் பகுதியில் கைக்குழந்தைகள் மட்டும் ஆறு. ஷைகு ஷாகிர் வழக்கமான இடத்தில் உட்கார்ந்து, வாசிப்பவரைத் தொடங்கச் சொல்லித் தலையசைத்தார்.

"வாசிக்க வேண்டாம்" என்றாள் உமைமா திரைக்குப் பின்னாலிருந்து. "இந்த ஏட்டை நான் கேட்கல. கேட்டது எனக்கு முன்னால பொறந்த எங்கக்கா. அவ பேரும் உமைமாதான். நாலு வயசுல அம்மையில போயிட்டா. அந்தப் பேரையே எனக்கு வச்சாங்க. இத்தனை வருஷமா எனக்குத் தெரியாது. திங்கக்கிழமைதான் தெரிஞ்சுது. என் பேரை அடிச்சிருங்க. என் கிட்ட கேட்டவங்க எல்லாருக்கும் எழுதிப் போட்டிருங்க."

ஒரு குழந்தை சிணுங்கியது.

"யார் சொன்னாங்க அம்மா?" என்று மெதுவாகக் கேட்டார் ஷைகு ஷாகிர்.

"எங்க வாப்பா எழுதி வச்சிருந்தாரு. அவர் கையெழுத்து."

"அந்தத் தாளைக் கொஞ்சம் காட்டுங்க."

"கால்வாயில போயிருச்சு."

கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்தது. செவ்வாய்க்கிழமை நடந்ததை ஊரில் கேள்விப்படாதவர் இல்லை. பின்வரிசையில் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம், "நான் சொன்னேன்ல? அட்டையெல்லாம் ஊற வச்சுத் துவைச்சாங்களாம்" என்றார்.

ஷைகு ஷாகிர் திரும்பினார். "பரகாத், அப்படி ஒரு தாளை நீ பார்த்தியா?"

உமைமா திரையின் விளிம்பைப் பிடித்தாள். பரகாத் தன் கைகளைப் பார்த்தான். நகக்கண்ணில் கஞ்சி காய்ந்திருந்தது.

"என் கடைக்கு ஒரு நாளைக்கு நூறு கிழிசல் வருது, ஷைகு" என்றான். "எதை எதைன்னு நான் பார்ப்பேன்?"

"பரகாத்!" என்றாள் அவள். அவன் நிமிரவில்லை.

"அம்மா, மனசுல வச்சுக்காதீங்க, சும்மா கேக்குறேன். இன்னிக்கு என்ன கிழமை?" என்றார் ஷைகு ஷாகிர்.

"வியாழன்."

"மாசம்?"

"ஜமாதுல் ஆகிர். பதினாலு. எங்க வீட்டுக்காரர் பேரு மைமூன். இந்த முற்றத்துல நிக்கிறது முசுக்கொட்டை மரம். நீங்க மொத தடவை வந்தப்ப வலது செருப்பு வாரு அறுந்துபோயி, ஒரு காலுக்கு வெறுங்காலோட வந்தீங்க. இன்னும் என்ன கேக்கணும், கேளுங்க."

"எல்லாம் சரியாத்தானே சொல்றாங்க?" என்றான் ஹிம்ஸிலிருந்து வந்தவர்களில் ஒருவன்.

"அதான் இந்த நோயோட குணம்" என்றார் பின்வரிசைக்காரர். "வரும், போகும். எங்க மாமனாரு சாகுற வரைக்கும் கணக்கெல்லாம் மனசுலயே போடுவாரு. ஆனா என் பொண்டாட்டியப் பாத்து, யார் வீட்டுப் பொண்ணும்மா நீன்னு கேப்பாரு."

ஷைகு ஷாகிர் எழுந்து திரைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மற்றவர்களுக்குக் கேட்காதபடி தாழ்ந்த குரலில் பேசினார்.

"அம்மா, உங்க கிட்ட மொதல்ல கேட்டவன் நான். மூணு ஊர்ல இதை ஓதிக் குடுத்திருக்கேன். நீங்க இல்லேன்னா, எனக்கும் அந்தப் பெரியவருக்கும் நடுவுல யாரு இருக்கா?"

"யாரும் இல்ல."

"யாரும் இல்லேன்னா?"

"வெறும் காத்து, ஷைகு. எட்டு வருஷமா காத்தைத்தான் வாங்கிட்டுப் போயிருக்கீங்க. நானும் அதைத்தான் குடுத்திருக்கேன்."

அவர் மூச்சு திரைத் துணியை அசைத்தது. அவர் நம்புகிறார் என்று அந்த நேரத்தில் அவளுக்குத் தோன்றியது. பிறகு அவர் முழங்காலில் கையூன்றி எழுந்தார். எழுத்தரைப் பார்த்து, எழுதச் சொல்லும் குரலில், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"ஷைகா உமைமா, ரய்யானின் மகள், இம்மாதம் பன்னிரண்டாம் நாள் செவ்வாய் முதல் புத்தி கலங்கினார். அதற்கு முன் அவரிடம் கேட்கப்பட்டது செல்லும். அதற்குப் பின் அவர் சொன்னது எதுவும் எடுத்துக்கொள்ளப்படாது."

இது புதிதாகக் கண்டுபிடித்ததல்ல. வயதான காலத்தில் அறிவு தடுமாறியவர்களுக்கு எல்லா ஊரிலும் இப்படித்தான் நாள் குறித்து எழுதுவார்கள். நல்ல ஏற்பாடுதான், அவர் முன்பு சொன்னதைக் காப்பாற்ற, பின்பு சொன்னதிலிருந்து மற்றவர்களைக் காப்பாற்ற. இதே முற்றத்தில் வேறு பெரியவர்களைப் பற்றி இப்படிப் பேசிக்கொண்டதை உமைமா கேட்டிருக்கிறாள். அப்போது, பாவம், என்று நினைத்திருக்கிறாள்.

"அப்ப நான் இப்பச் சொன்னது?" என்று கத்தினாள்.

"செவ்வாய்க்கு அப்புறம் சொன்னது, அம்மா" என்றார் ஷைகு ஷாகிர். அவர் கண் கலங்கியிருந்தது. அந்த வாசகத்தில் அவர் பெயருக்கும் அவரது மூன்று ஊருக்கும் ஒரு கீறலும் விழவில்லை.

பெண்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்கள். மூன்று நாள் முன்பே வந்திருக்கலாம் என்று ஒருத்தி தன் கணவனைத் திட்டியபடி போனாள்.

அதன்பின் திங்களும் வியாழனும் மற்ற நாட்களைப் போலவே ஆயின. உமைமா மெருகு போட்டாள். கை நடுங்காமல் வேலை நடந்தது; தாள் கடைக்காரர்கள் யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் அவள் வாயைத் திறந்தால் கேட்பவர்கள் முகத்தில் ஒரு கனிவு வந்து உட்கார்ந்துகொண்டது. ரொட்டிக்கடையில் சொன்னாள். குளியல்கூடத்தில் சொன்னாள். "ஆமா அம்மா, ஆமா" என்றார்கள். கெய்ரோவுக்கு எழுத வேண்டும் என்று பள்ளிவாசல் வாசலில் கடிதம் எழுதுபவனிடம் போனாள். அவன் முழுவதும் கேட்டான், தலையாட்டினான், எழுதுகோலை மையில் தொடவேயில்லை. மலையடியில் கல்லறைகளுக்கு நடுவே மூன்று நாள் அலைந்தாள். எண்பது ஆண்டுக்கு முந்தைய நான்கு வயதுக் குழந்தைக்கு மேட்டையோ கல்லையோ யார் விட்டுவைத்திருப்பார்கள்? ஏதோ ஒரு இடத்தில் உட்கார்ந்து, "நான் வேணும்னு செய்யல அக்கா" என்றாள். தன்னைவிட எழுபத்தைந்து வயது சின்னவளை அக்கா என்று அழைப்பது நாக்குக்குப் பழகவில்லை.

பரகாத் அவளிடம் மரியாதையாகவே நடந்தான். ஒரு நாள் சோற்றுத் தட்டின் முன்னால், தலையைக் குனிந்துகொண்டே, "நான் போயிச் சொல்லிடட்டுமா, அத்தை?" என்றான். அவள் கையிலிருந்த கவளம் அப்படியே நின்றது. "சொல்லு" என்றாள். அவன் தட்டைத் தள்ளி வைத்தான். "இப்பச் சொன்னா, எனக்கும் ஒரு தேதி போட்டிருவாங்க" என்றான். பிறகு அதைப் பற்றி அவன் பேசியதில்லை.

ஷவ்வாலில் மலைமேல் பனி விழுந்த வாரம் ஹிம்ஸிலிருந்து தமீம் என்பவன் வந்தான். இருபத்தைந்து வயதிருக்கும். அன்றைக்குக் கூட்டத்தில், எல்லாம் சரியாகத்தானே சொல்கிறார்கள் என்று கேட்டவன். உலர்ந்த அத்திப்பழம் ஒரு பை கொண்டுவந்திருந்தான். ஈரமான செருப்பை வாசலில் கழற்றிவைத்து, திரைக்கு இந்தப் பக்கம் மரியாதையாக மண்டியிட்டு உட்கார்ந்தான். உமைமா திரைக்கு இன்னும் நெருங்கி உட்கார்ந்தாள். ஒரே ஒருத்தன் நம்பினால் போதும். ஒருத்தன் ஹிம்ஸுக்கு எடுத்துப் போனால், அங்கிருந்து இன்னொருத்தன்.

"தம்பி, நீ அன்னிக்கு இருந்தே. நான் சொன்னதக் கேட்டே."

"கேட்டேன், அம்மா."

"நான் கேட்கல. அந்த ஏட்டை நான் கேட்டதே இல்ல. அது எங்கக்கா."

"ஆமா அம்மா. இப்படித்தான் சொல்லுவீங்கன்னு முன்னாடியே சொல்லித்தான் அனுப்பினாங்க." அவன் குரலில் ஏளனம் இல்லை. தன் சொந்த உம்மாவிடம் பேசுவதுபோலப் பேசினான். மடியிலிருந்து ஒரு ஏட்டை எடுத்து விரித்தான். "ஒரு சின்ன சந்தேகம். அன்னிக்கு வந்தது எனக்கு ரெண்டாம் தடவை. மொத தடவை ரபீஉல் அவ்வல்ல வந்து முழுசாக் கேட்டுட்டேன். எங்க ஊர்ல ஒருத்தர், அப்பவே அவங்களுக்குக் கலங்கியிருக்குமோ, உன் பேர் செல்லுமான்னு வம்பு பண்றாரு. அதான் உங்க வாயாலயே கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன். ரபீஉல் அவ்வல்ல நீங்க நல்லா இருந்தீங்கதானே?"

உமைமா அவனைத் திரையின் இழைகளுக்கிடையே பார்த்தாள். அவன் எழுதுகோலை ஏற்கெனவே மையில் தொட்டு வைத்திருந்தான்.

"நல்லாத்தான் இருந்தேன்" என்றாள். "நல்லா இருந்துதான் பொய் சொன்னேன். இப்பவும் நல்லாத்தான் இருக்கேன்."

அவன் முதல் இரண்டு சொற்களை மட்டும் எழுதிக்கொண்டான். மை காய ஊதினான். பையைத் திரைக்கு அடியில் மெல்லத் தள்ளிவிட்டு, "எனக்காக துஆ செய்ங்க, அம்மா" என்று சொல்லி எழுந்தான்.

அவள் திரையை விலக்கிக்கொண்டு வெறும் தலையோடு வாசல்வரை ஓடினாள். அவன் பனியில் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து, ஏட்டை நெஞ்சோடு அணைத்தபடி மேட்டிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தான்.

"நான் கேட்கலடா! தம்பி! நான் கேட்கவே இல்ல!"

கீழே கால்வாய்ப் படியில் நின்றிருந்த இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தி மற்றவளிடம் ஏதோ சொன்னாள். பிறகு இருவரும் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, அவளை வீட்டுக்குள் கூட்டிப்போய் விடுவதற்காக மேட்டில் ஏறி வந்தார்கள்.